ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸில் ஏறாதே

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறோம் என்று தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். கை வரவில்லை. நாங்கள் சுகமாக இல்லை. நீ உண்மையில் எப்படி இருக்கிறாய் என்பது உன் கூட்டாளி மார்க்குஸ் உன்னைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். நாளைக்கு அவன் எல்லையைத் தாண்டி ஜெர்மன் பக்கம் உன்னைப் பார்க்க வருகிறான், இதை அவன் கையில்தான் கொடுத்துவிடப் போகிறேன். நான் எழுதுவது உன் அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் அப்பா தொலைபேசியில் உனக்குச் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன்காரரின் தெரிவு அணி பதில் ஆட்டத்துக்காக இங்கே பாசலுக்கு வருகிறது. அவர்களுடைய பஸ்ஸில், அவர்களுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர்களில் ஒருவனாக நீயும் வந்து இறங்கிவிடலாம் என்பதுதான் திட்டம். அப்பாவுக்குச் சம்மதம், மார்க்குஸுக்குச் சம்மதம், அந்தப் பக்கத்துப் பயிற்சியாளருக்கும் சம்மதமாம். எனக்கு மட்டும் சம்மதமில்லை. அந்த பஸ்ஸில் ஏறாதே, தம்பி. ஏன் என்று ஒரு வரியில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

இந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று யோசித்தால் எனக்கு அந்த ஹோட்டல் குசினிதான் ஞாபகம் வருகிறது. நீயும் அப்பாவும் கோப்பை கழுவிய குசினி. அங்கே வார இறுதியில் கோப்பை துடைக்க வந்த பல்கலைக்கழகப் பெடியன் மார்க்குஸ், நீ ஒருநாள் ட்ராமைப் பிடிக்க ஓடின ஓட்டத்தைப் பார்த்துவிட்டு உன்னை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்த ட்ராமைப் பிடிக்க நீ ஓடாமல் விட்டிருந்தால் இன்றைக்கு என் பக்கத்தில் இருந்திருப்பாய் என்று நான் எத்தனை தரம் நினைத்துவிட்டேன். ஃபுட்போல் என்றால் காலால் அடிப்பது என்றுதான் எனக்குத் தெரியும். இந்த அமெரிக்கன் ஃபுட்போலில் பப்பாக்காய் மாதிரி ஒரு பந்தைக் கையால் எறிகிறார்கள், கையால் பிடிக்கிறார்கள், பிடித்தவனை நாலைந்து மாடுகள் வந்து முட்டி விழுத்துகின்றன. முதல் நாள் பார்க்க வந்தபோது நீ கீழே, உனக்கு மேலே ஒரு குவியல். "ஐயோ, என்ரை பிள்ளையைக் கொல்லுறாங்கள்" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்ணின் கையிலிருந்த கோப்பி சிந்திவிட்டது. நீ எழும்பிச் சிரித்தாய். வாய் முழுக்க சேறு.

அந்தச் சேற்றோடு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்றுதான், வீட்டுக்கு வீடு நாள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், ஒருவர் நாளில் இன்னொருவர் கால் வைக்க முடியாது. எங்கள் நாளுக்கு அடுத்த நாள் மேல்வீட்டு மனுசியுடையது. மெஷினுக்குள் ஒரு பொட்டு மண் கிடந்தாலும் படியிறங்கி வந்து கதவைத் தட்டுவாள். "ட்ரெக்! ட்ரெக்!" சேற்றுக்கு ஜெர்மன் சொல் என்ன என்பதை நான் அவளிடம்தான் படித்தேன். அதன்பிறகு உன்னுடைய காற்சட்டையைக் குளிக்கிற தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து, தண்ணீர் தெளியும்வரை அலசித்தான் கீழே கொண்டுபோவேன். முணுமுணுத்துக்கொண்டுதான் செய்தேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா, வந்த நாளிலிருந்து வேலை முடிந்தால் கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்த பிள்ளை, பயிற்சிக்குப் போய்வந்த நாட்களில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். அதற்காக நான் மேல்வீட்டு மனுசியின் காலில்கூட விழுந்திருப்பேன்.

பிறகுதான் அந்தத் தெரிவு வந்தது. நீ சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து, "அம்மா, என்னைப் பிரதேச அணிக்குத் தெரிவு செய்திருக்கினம்" என்றாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பிரதேசம், தெரிவு என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து காதில் விழுந்ததும் எனக்கு மேலெல்லாம் எரிந்தது. உனக்கு அது புரிந்திருக்காது. உன் மாமா, என் தம்பி, பல்கலைக்கழகத்துக்குப் போகப் போதுமான புள்ளிகள் எடுத்தான். ஆனால் தரப்படுத்தல் என்று சொல்லி மாவட்டம் பார்த்து இடம் கொடுத்தார்கள். அவனை விடக் குறைய எடுத்த பிள்ளை வேறு மாவட்டம் என்றபடியால் உள்ளே போனான், இவன் யாழ்ப்பாணம் என்றபடியால் வெளியே நின்றான். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. படித்த புத்தகங்களை எல்லாம் அவன் கட்டிப் பரணில் ஏற்றினான், பிறகு வளைகுடாவுக்குப் போய் வெயிலில் கம்பி வளைத்தான். அதனால்தான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். "பிரதேசம் பாத்துத் தெரிவெண்டால் எனக்குத் தெரியும். ஒருத்தரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை." நீ கோபிக்கவில்லை. வெட்டின வெங்காயத்தில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாய், "அம்மா, அது தள்ளிவிடுறதுக்கு. இது எடுக்கிறதுக்கு."

உன் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? மருந்துக் கம்பனியில் வேலை பார்க்கிற அமெரிக்கர், ஒரு பனைமர உயரம், எங்கள் கதிரை அவருக்குக் குழந்தைப்பிள்ளையின் கதிரை மாதிரி இருந்தது. இடியப்பத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டார், சொதி முழங்கை வரைக்கும் வழிந்தது. நீ இடையில் நின்று மொழிபெயர்த்தாய். அவருடைய நாட்டில் இந்த விளையாட்டு கல்லூரிகளில்தான் வளர்ந்ததாம். ஆரம்ப காலத்தில் நாட்டிலேயே சிறந்தவர்கள் இவர்கள் என்று ஒரு பட்டியல் போடுவார்களாம், போடுகிறவர்கள் கிழக்குப் பக்கத்துப் பெரிய கல்லூரிக்காரர், அவர்கள் கண்ணுக்குத் தங்கள் பிள்ளைகளைத் தவிர வேறு ஒருவரும் தெரியவில்லையாம். அதனால் தெற்கில் இருந்தவர்களும் மேற்கில் இருந்தவர்களும் எங்கள் பக்கத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தங்கள் தங்கள் பிரதேசத்துக்குத் தனித்தனியே தெரிவு செய்யத் தொடங்கினார்களாம். எனக்கு அந்தக் கதை பிடித்துப் போய்விட்டது. "பிறகு அந்தப் பிள்ளையள் எல்லாம் சேர்ந்து ஆரோடை விளையாடினவை?" என்று கேட்டேன். அநேகமாக விளையாடவே இல்லையாம், பெயர் பத்திரிகையில் வரும், அவ்வளவுதானாம், அதற்கே ஊரில் பெரிய கொண்டாட்டமாம். "அப்ப நீங்களும் பேரை மட்டும் போடுங்கோவன். ஏன் பிள்ளையளை ஏத்திக்கொண்டு திரியிறியள்?" என்றேன். நீ மொழிபெயர்த்ததும் அந்த மனுசன் கதிரை ஆடச் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை, தம்பி. அன்றைக்கு அவர் என் சொல்லைக் கேட்டிருந்தால் உன் பெயர் ஒரு தாளில் இருந்திருக்கும், நீ என் வீட்டில் இருந்திருப்பாய்.

ஆனால் அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குள் தங்கிவிட்டது. இங்கே தெரிவு செய்யும்போது எல்லாக் கழகத்துப் பயிற்சியாளர்களும் ஒன்றாக இருந்து கை உயர்த்துவார்களாம், ஆனால் தன்னுடைய கழகத்துப் பிள்ளைக்குத் தான் கை உயர்த்தக் கூடாதாம். அப்படியென்றால் உனக்கு இடம் தந்தது உன்னோடு மோதினவர்கள். உன்னைப் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடிக் களைத்தவர்கள். "வடமேற்கு சுவிஸ்" என்று எழுதிய சட்டையை நீ கண்ணாடிக்கு முன்னால் போட்டுப் பார்த்தபோது நான் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தேன். இந்த நாட்டில் எங்களை ஒருவரும் கேட்டு எடுக்கவில்லை. எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதைக்கூட அவர்கள்தான் பங்கு பிரித்துச் சொன்னார்கள், பாசல் என்றார்கள், வந்தோம். அந்தப் பாசல் உன்னைத் தன்னுடைய பிள்ளை என்று நெஞ்சில் எழுதி அனுப்பியது. நான் அதைப் பார்த்து அழுதேன், வெங்காயம் என்று உனக்குப் பொய் சொன்னேன்.

ஆட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் என்று தெரிந்ததும் நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றதை நீ மறந்திருக்க மாட்டாய். அகதி விண்ணப்பம் போட்டவன் இந்த நாட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்று எத்தனை பேர் சொன்னார்கள். "உனக்கென்ன விசரோ? ஒரு பந்துக்காக எல்லாத்தையும் விடப்போறியோ?" என்று கேட்டேன். அப்பா உன் பக்கம் நின்றார். "இஞ்சரும், பிள்ளை ஒரு நாள் சந்தோசமாப் போட்டு வரட்டும். இஞ்ச சனம் மலிவா இறைச்சி வாங்க அந்தப் பக்கம் போய்வருகுது. விளையாட்டு பஸ்ஸை ஆர் மறிக்கப்போறான்?" அவர் சொன்னது சரிதான். போகும்போது ஒருவரும் மறிக்கவில்லை. நீ பந்தைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கோடு வரை ஓடினாயாம், மற்றக் கழகத்துப் பெடியன்கள் எல்லாரும் உன்னைத் தூக்கினார்களாம். மார்க்குஸ் எங்கள் மேசையிலிருந்த உப்புப் போத்தலையும் கரண்டியையும் வைத்து அந்த ஓட்டத்தை எனக்கு விளங்கப்படுத்தினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

திரும்பி வரும்போது நடந்ததையும் அவன்தான் சொன்னான். சுவிஸ் பக்கத்துக் காவலன் பஸ்ஸுக்குள் ஏறி, சும்மா ஒரு கண்ணோட்டம் விட்டுவிட்டு இறங்கத்தான் பார்த்தானாம். உன் நிறத்தைக் கண்டு நின்றானாம். மார்க்குஸ் உடனே, இவன் இந்தியன், எங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், பாஸ்போர்ட்டை வீட்டில் விட்டுவிட்டான் என்று தொடங்கியிருக்கிறான். காவலனும் தலையை ஆட்டிவிட்டானாம். அப்போதுதான் நீ எழும்பி நின்று உன் பெயரையும், ஊரையும், வந்த நாளையும், அகதி விண்ணப்பம் போட்டிருப்பதையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாய். அதோடு உன்னை பஸ்ஸிலிருந்து இறக்கி ஜெர்மன் பக்கத்துக்கே திருப்பிவிட்டார்களாம். கேட்கவே விருப்பமில்லாத ஆளுக்கு ஏன் அவன் சொன்னான் என்று மார்க்குஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு கேட்டான். எனக்குத் தெரியும் ஏன் என்று. அகதி விசாரணைக்கு முதல் எங்கள் வீட்டு மேசையில் உன்னையும் அப்பாவையும் இருத்தி வைத்து, அதிகாரிகள் எங்களைத் தனித்தனியாகக் கேட்பார்கள், ஒரு சொல் மாறினாலும் மூன்று பேரும் பொய்யர் என்று எழுதிவிடுவார்கள், அதனால் சீருடை போட்டவன் எவன் கேட்டாலும் ஒரே கதை, உண்மையான கதை என்று நான்தான் உன் மண்டைக்குள் அடித்து ஏற்றினேன். நீ தடுமாறினால் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வைத்தேன். நீ அம்மாவின் சொல்லைக் கேட்டாய். எத்தனையோ விஷயத்தில் கேட்காத பிள்ளை அந்த ஒரு விஷயத்தில் கேட்டாய். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி, யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

நீ அந்தப் பக்கம் நின்றுபோன பிறகு நான் ஒருநாள் ட்ராமில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்கி எல்லைவரைக்கும் நடந்து போனேன். அப்பா வேலையில் இருந்தார். ஒரு தடி, ஒரு கூடு, இரண்டு காவலர்கள், அவ்வளவுதான். இதுவா எல்லை என்று நினைத்தேன். பெண்கள் பையோடு போனார்கள், பை நிறையச் சாமானோடு வந்தார்கள், ஒருத்தி நாயையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நாயிடம் ஒரு கேள்வியும் இல்லை. உன்னை வைத்திருக்கிற விடுதி அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு குளிரில் நின்றேன். ஒரு காவலன் வந்து ஏதோ கேட்டான். நான் ஓடி வந்துவிட்டேன், ராசா. உன் அம்மா அப்படி ஓடுவாள் என்று நீ கனவிலும் நினைத்திருக்க மாட்டாய். ட்ராமுக்குள் இருந்து வாய்விட்டு அழுதேன், முன்னால் இருந்த கிழவர் ஒரு மிட்டாய் எடுத்துத் தந்தார். அதையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இனிச் சுற்ற இடமில்லை, சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை எங்கள் வக்கீல் அம்மா எங்களைக் கூப்பிட்டார். எங்கள் விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது. இல்லை என்பதுதான் பதில். மேன்முறையீடு போடுவாராம், ஆனால் இப்போது தமிழர்களுக்கு மேலேயிருந்தும் அதே பதில்தான் வருகிறது, நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று முகத்தைப் பார்த்தே சொன்னார். அப்பா உன்னைப் பற்றிக் கேட்டார். நாட்டை விட்டு வெளியேறினபடியால் உன்னுடைய விண்ணப்பம் இங்கே முடிந்துபோனதாம், நீ அங்கேயே புதிதாகக் கேட்கலாமாம், அங்கே எங்கள் சனத்தை இப்போதைக்குத் திருப்பி அனுப்புவதில்லையாம். ஆனால் நீ திரும்பி வந்து இங்கே பிடிபட்டால் எங்களுக்கு என்ன முடிவோ அதுதான் உனக்கும். நாங்களும் அந்தப் பக்கம் வரலாமே என்று நீ கேட்பாய் என்று தெரிந்து அதையும் கேட்டேன். இங்கே பதில் வாங்கினவர்களை அங்கே கண்டால் திருப்பி இங்கேயே ஒப்படைத்துவிடுவார்களாம். நீ பதில் வருவதற்கு முன்னமே போய்விட்டாய். நான் வாசலில் நின்று மறித்தேனே, அந்தப் பயணம்தான் உன்னைக் காப்பாற்றியிருக்கிறது. என் பிள்ளை என் சொல்லைக் கேட்டு வீட்டில் இருந்திருந்தால் இப்போது எங்களோடு சேர்த்து அவனையும் ஊருக்குப் பிளேன் ஏற்றுவார்கள்.

அப்பா இதை உனக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று என்னையும் தடுத்தார். அவரைப் பிழையாக நினைக்காதே. நீ இல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உன் கட்டிலில்தான் போய்ப் படுக்கிறார். வக்கீல் வீட்டிலிருந்து வந்த வழி முழுக்க நாங்கள் சண்டை பிடித்தோம். "பிள்ளை வரட்டும். போறதெண்டால் மூண்டு பேரும் ஒண்டாப் போவம். செத்தாலும் ஒண்டாச் சாவம்" என்றார். "சாகிறதுக்கு மூண்டு பேர் என்னத்துக்கு? ரெண்டு பேர் காணும்" என்று சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்து போய்விட்டார். ஊரில் உன்னோடு அஞ்சலோட்டம் ஓடின பிள்ளைகளை நினைத்துப் பார். ஒருவனை ஆமிக்காரர் சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் தாய் இன்னும் முகாம் முகாமாகத் திரிகிறாள். மற்றவர்களின் பெயரை ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். கிழடுகள் எங்களை அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? இளந்தாரிப் பிள்ளையைத்தான் தேடுவார்கள், அதுவும் இப்படி ஓடக்கூடிய காலோடு ஒருவன் வந்து இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

அங்கே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திங்கட்கிழமையே போய் விண்ணப்பம் கொடு. கேட்டால் அதே கதை, உண்மையான கதை. பஸ்ஸில் வந்ததையும் மறைக்காதே. விடுதியில் தருகிற உருளைக்கிழங்கை மூக்கைச் சுளிக்காமல் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை என்று சொன்னால் சிரிப்பாய், சிரி, ஆனால் வை. பாஷையைப் படி, குசினியோடு நின்றுவிடாதே. நாங்கள் போன பிறகு ஊரிலிருந்து கடிதம் வரத் தாமதமானால் கண்டபடி யோசித்துப் படுத்துக் கிடக்காதே. நீ படுத்துக் கிடக்கிற ஆள் என்று எனக்குத் தெரியும். அந்த ஊரிலும் இந்த மாட்டுச்சண்டை விளையாடுகிற பெடியன்கள் இருப்பார்கள், தேடிப் போ. வெட்கப்படாமல் சொல், என்னை வடமேற்கு சுவிஸுக்குத் தெரிவு செய்தார்கள், எதிர்த்து விளையாடினவர்களே கை உயர்த்தினார்கள் என்று சொல். எவளாவது ஒருத்தி உன் காற்சட்டைச் சேற்றைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தால் அவளைக் கட்டு, சாதி குலம் எல்லாம் நான் கேட்கப் போவதில்லை. அப்பா கேட்பார், அவரை நான் பார்த்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா விடியவே எழும்பிச் சவரம் செய்துகொண்டு மைதானத்துக்குப் போவார். நானும் கூடப் போவேன், அவரைத் தனியாக விட முடியாது. அந்த பஸ் வந்து நிற்கும். கதவு திறக்கும். ஒவ்வொருவனாக இறங்குவான், அப்பா ஒவ்வொரு முகமாக எட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் என் கண்ணும் உன்னைத்தான் தேடும், அதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் வாய் மட்டும் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டு, இவன் என்ரை பிள்ளையாய் இருக்கக்கூடாது, அடுத்தவனும் என்ரை பிள்ளையாய் இருக்கக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டே இருக்கும். கடைசி ஆளும் இறங்கி, சாரதி கதவைச் சாத்தும்வரைக்கும் நிற்பேன். அப்பா என் பக்கம் திரும்புவார். "பிள்ளை வரேல்லை" என்பார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம், வரேல்லை" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை எனக்குச் சொல்லக் கிடைக்கச் செய், ராசா.

உன் அம்மா